ஒரு மயிரிழை மேலே

"ஃபோன்லயே ஆப் இருக்கே, ரைனர்? அதை வெச்சுச் சட்டுனு முடிங்களேன்!" அரங்க மேலாளர் கெர்டா பரபரத்தாள்.

"உங்க ஆப்புக்கு இந்த நிமிஷத்து சுதிதான் தெரியும். ஒரு மணி நேரம் கழிச்சு கம்பி எங்க நிக்கும்னு தெரியுமா? கொஞ்சம் பேசாம இருங்க."

ரைனர் கட்டையை அழுத்திக் காது கொடுத்தார். லைப்சிக் அரங்கின் அந்தப் பியானோவில் மேல்கட்டைக் கம்பிகள் நேற்றுதான் மாற்றப்பட்டவை. கீழ்க்கட்டையில் பழைய கம்பிகள், அவை அசையாது. புதுக்கம்பி அப்படியல்ல. வாசிக்க வாசிக்க இளகும், சுதி இறங்கும்.

இன்று இறுதிப் போட்டி. வானொலியில் நேரலை. தொடங்கிவிட்டால் நடுவில் பியானோவைத் தொட முடியாது.

கடைசியாக வாசிக்கப்போவது அவர் மகள் லோட்டெ.

இப்போது சரியாக வைத்தால் முதல் ஆளுக்குச் சரி. லோட்டெயின் முறை வரும்போது மேல்கட்டை தொய்ந்துபோயிருக்கும். இப்போதே ஒரு மயிரிழை ஏற்றி வைத்தால்?

"முதல்ல யாரு?" என்றார், தலை நிமிராமல்.

"யோனாஸ். எர்ஃபுர்ட்லேர்ந்து ரயில்ல வர்றான்."

"நம்ம ரயில்லயா? அப்ப அடுத்த வருஷப் போட்டிக்கு வந்துடுவான்."

கெர்டா சிரித்தாள். ரைனர் சுதி முறுக்கும் சாவியைக் கம்பியின் ஆணியில் மாட்டினார். பழைய கம்பி, புதுக்கம்பி இரண்டின் ஒலிகளும் அலையடங்கி ஒன்றாயின. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். அடுத்த கம்பி. அதற்கடுத்தது.

"மேல ஏதோ பல் கூசுற மாதிரி இல்ல?" கெர்டா முகத்தைச் சுளித்தாள்.

"புதுக்கம்பி. போகப் போகச் சரியாயிடும்."

அது பொய்யில்லை. ஆனாலும் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

கதவுகள் திறந்தன. கூட்டம் வந்து அமர்ந்தது. ரைனர் பையைப் பூட்டிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுக்கு வந்தபோது, லோட்டெ கறுப்பு உடுப்பில் ஓடி வந்தாள்.

"அப்பா, யோனாஸோட ரயில் நடுவழியில நிக்குதாம். ஃபோன்ல அழுதுட்டான். பாவமா இருந்துச்சு, என் கடைசி இடத்தை அவனுக்குக் குடுத்துட்டேன்."

மேடையில் நேரலையின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"முதல்ல நான்தான். நீங்க சுதி சேர்த்த பியானோ, எனக்கென்ன பயம்?"