மைக்கை விடாத தையல்காரம்மா

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

புது நெடுஞ்சாலைக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். சுவரில் பெரிய வரைபடம். அதில் ஓடிய சிவப்புக் கோடு, தெருவில் ஒரே ஒரு வீட்டை மட்டும் மிதித்துக்கொண்டு போனது. ரொட்டிக்கடைக்காரர் வீடு.

அதிகாரி முதலில் அவரைத்தான் கூப்பிட்டார். அவர் வந்திருக்கவில்லை.

"ஆட்சேபணை இருந்தா வீட்டுக்காரரே நேர்ல வந்து சொல்லணும். கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் கோட்டை மாத்த முடியாது."

ஒருவர் தூசி என்றார். ஒருவர் விளக்கு வேண்டும் என்றார். கடைசியில் மைக் தையல்காரம்மா கைக்கு வந்தது.

பின்வரிசையில் இருந்த அவள் புருஷன், பூட்டு ரிப்பேர்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது, தெருவுக்கே தெரியும். போதாததற்கு ரொட்டிக்கடைக்காரர் பக்கத்து வீடு. அவர் அடுப்புப் புகையில், தைத்து வைத்த துணியெல்லாம் கரியான நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. "அந்த ஆள் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றவள், இன்றுவரை முழிக்கவில்லை.

"ஐயா, எங்க பக்கத்து வீட்டுப் புகை இருக்கே..."

மண்டபம் முனகியது.

"ஆள் இல்லாத நேரம் பார்த்து வத்தி வைக்கிறா பாரு!"

அவள் அசரவில்லை. புகையில் தொடங்கி வெள்ளைச் சட்டைக்குப் போனாள். அங்கிருந்து கைமடிப்புக்கு வந்தாள்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப அந்த வீடு போனா உங்களுக்கு நல்லதுதானேம்மா?"

"அவசரப்படாதீங்கய்யா. இன்னும் காலருக்கே வரலை."

நாலு பேர் சிரித்தார்கள். புருஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதிக்கும்தான். அது நம் வீட்டு மாடாகவா இருக்க வேண்டும்?

எழுந்து போய் அவள் காதோரம் குனிந்தார்.

"போதும்டி. அந்த மனுஷன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்குறா. நாளைக்கு அவ திரும்பி வர வீடு இருக்காது. நீ புகைக் கணக்கு பேசுற."

"தெரியும். போய் உட்காருங்க."

அவர் கூனிக் குறுகித் திரும்பினார்.

அவள் தொண்டை கட்டிவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். கண் மட்டும் அடிக்கடி வாசலுக்குப் போனது. வேடிக்கை பார்க்க இன்னும் ஆள் வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டார் புருஷன்.

பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அதிகாரியும் எழுந்துவிட்டார்.

"கடைசியா ஒரு வார்த்தை. அதோட கூட்டம் முடிஞ்சது."

"பட்டன் தைக்கிறதுல ரெண்டு விதம் இருக்குங்கய்யா. ஒண்ணு..."

வாசலில் தடதடவென்று செருப்புச் சத்தம். ரொட்டிக்கடைக்காரர். ஓடி வந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

தையல்காரம்மா பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

"கடைசி ஆள் நான் இல்லைங்கய்யா. 'உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு எப்படியும் கூட்டத்துக்கு ஓடிடறேன்'னு காலையில இவரு பொண்டாட்டிகிட்ட சொன்னது, சுவர் தாண்டி எனக்குக் கேட்டுச்சு."

நேராக நடந்து போய், அவர் கையில் மைக்கை அழுத்தி வைத்தாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.