வால் தட்டும் சத்தம்

மத்தியான வெயில் பியானோவின் பெடலோரம் கிடக்கும் சாக்கின்மேல் விழுகிறது. அதில் இன்னும் வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது. பியானோ, பேஸ், டிரம்ஸ் என மூவர் வாசித்த ஜாஸ் ஆல்பம் ஸ்பீக்கரில் ஓடுகிறது. யாரை நினைத்து இப்போது அதைப் போட்டுக் கேட்கிறார்களோ, அந்தக் கிழட்டு நாய் போன வாரம் செத்துவிட்டது. இவர்கள் வாசிக்கும்போதெல்லாம் அது அந்தச் சாக்கில் படுத்து, தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே வாலால் தரையைத் தட்டும். "அவன் வால் சத்தம் எங்கப்பா?" என்கிறார் பியானோக்காரர். ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொள்கிறார். "போன மாசம் நீங்கதானேண்ணே, சனியன் தாளத்தையே கெடுக்குதுன்னு எடுக்கச் சொன்னீங்க? ஒண்ணு விடாம தொடச்சுட்டேன்." "பழைய பதிவு இருக்கும்ல?" "தொடச்சதை அதுமேலயே ஏத்திட்டேண்ணே." டிரம்ஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பாட்டு பிசிறில்லாமல் ஓடுகிறது. பியானோக்காரரின் உள்ளங்கை மட்டும் நாற்காலியின் விளிம்பைத் தட்டுகிறது, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி.