கட்டுப்பாட்டுக் குழு

தைரிய மாத்திரை ஆய்வில் சேர்ந்த மூன்றாம் நாளே பேக்கிங் பிரிவுக்காரி வாயைத் திறந்துவிட்டாள்.

“பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே சட்டை மடிக்க முடியாது. நாற்காலி போடுங்க சார்.”

ஒரு மாதம் அதே பேச்சு. கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று, சூப்பர்வைசரும் அவளோடு ஆய்வாளர் அறைக்கு வந்துவிட்டார்.

“மருந்தை நிறுத்திடுங்க மேடம். பெட்டிப்பாம்பா அடங்கிடுவா.”

அவள் கைகட்டி நின்றாள். நாளை முதல் பழையபடி தலையாட்ட வேண்டியதுதானா?

ஆய்வாளர் அவள் பெயர் எழுதி ஒட்டியிருந்த உறையைக் கையில் எடுத்தார். “உங்க விவரத்தை இவர் முன்னாடி சொல்லலாமாம்மா?”

“சொல்லுங்க. எனக்கென்ன பயம்?”

உறை பிரிந்தது. “நீங்க கட்டுப்பாட்டுக் குழு.”

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். “அப்படிப் போடுங்க! இனிமே கட்டுப்பாட்டுல இருப்பா இல்ல?”

“அது இல்ல சார். மருந்து வேலை செய்யுதான்னு ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்போம். அதுக்குப் பேருதான் கட்டுப்பாட்டுக் குழு. இவங்க சாப்பிட்டதெல்லாம் வெறும் மாவு.”

சூப்பர்வைசரின் சிரிப்பு அப்படியே நின்றது.

அதுவரை கைகட்டி நின்றிருந்தவள், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்த மாதிரி இருபது வேணும் சார். எப்போ வரும்?”