முதலில் என் கையில்

இப்போதெல்லாம் எவருக்கும் உடம்பு இருக்கிறபடி இருந்தால் பொறுப்பதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சூசை, மகள் செலினோடு லேசர் டாக்டரிடம் வந்தார். அவளுக்கு முகவாயில் தாடிபோல் முடி. அதை எடுக்கப்போய் முகம் வெந்துபோனால்?

"மொதல்ல என் கையில அடிச்சுக் காட்டுங்க" என்று முடி நரைத்த கையை நீட்டினார்.

"நரைச்ச முடிக்கு இது வேலை செய்யாதுய்யா" என்றார் டாக்டர் அம்மா. "கறுத்த தோல்ல கொப்புளம் வரலாம். அதான் சூட்டைக் குறைச்சு, தாடைக்கு அடியில ஒரு இடத்துல மட்டும் பாக்குறோம்."

கறுப்புக் கண்ணாடி மாட்டிய சூசை மூச்சைப் பிடித்து நின்றார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். செலினின் தாடைக்கு அடியில் தோல் லேசாகச் சிவந்தது.

"எரியுதாட்டி?"

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்ப்பா."

செலின் நிலைக்கண்ணாடி முன் போய் முகத்தை நிமிர்த்தி நின்றாள். அவள் அப்படி நின்று அவர் பார்த்ததே இல்லை.

"நாளைக்குக் கொப்புளம் கெளம்புச்சு, மிஷினைத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.