வரம்புக்கு மேல்

திரையில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்பு விழுந்தது.

அடையாள எண்ணை இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு.

இலவச டயாலிசிஸ் அட்டையை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் பச்சை வரும். நான் முத்திரை குத்துவேன். பெரும்பாலும் பச்சைதான். அந்தத் தைரியத்தில்தான் நாலு பேரிடம் பேசத் தெரியாத என்னை இந்தக் கவுண்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். லேத் ஓட்டுகிறவர். தேய்த்துக் கழுவியும் போகாத எண்ணெய்க் கறுப்பு நகக்கண்களில் இருந்தது. இடது கை, இடுப்புக்குச் சற்று மேலே, விலாவை அழுத்தியபடி இருந்தது. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

பின்னால் பெஞ்சில் அவர் மனைவி. மடியில் பை. பைக்கு வெளியே கம்பளியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் கம்பளி கொண்டுவருவார்கள். ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது குளிரெடுக்கும்.

"சார், போன வருஷ வருமானம் வரம்பைத் தாண்டிடுச்சு."

அவர் சிரித்துவிட்டார். முன்பு நிரந்தர வேலை. இப்போது அதே பட்டறையில், அதே லேத்தில், தினக்கூலி. சம்பளம் இறங்கித்தான் இருக்கிறது, ஏறவில்லை என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

சம்பளம் மேலே சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே, அதை முழுங்கிவிடுகிற மாதிரி, ஓய்வுகாலச் சேமிப்பு நிதி.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

வேலையை விட்டால்தான் முழுப் பணமும் கைக்கு வரும். அதனால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் வந்த பிறகு பழைய இடத்துக்கே போய்க் கூலிக்குச் சேர்ந்துகொண்டார். ஓய்வு வயதில் எடுத்திருந்தால் அது சேமிப்பு. முன்னதாக எடுத்ததால் அந்த வருடத்து வருமானம். வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கணக்கில் ஏறியிருப்பதோ முழுத் தொகை.

"அது வருமானம் இல்லம்மா. என் காசு. மாசா மாசம் என் சம்பளத்துல பிடிச்சது."

தெரியும் என்று சொல்ல நினைத்தேன். தலை மட்டும் ஆடியது.

"அதையும் இந்த ஆஸ்பத்திரிலதான் கட்டினேன். அப்படியே கொண்டுவந்து கட்டினேன்."

செலவான பணத்தைக் கழிக்க அந்தத் திரையில் இடம் இல்லை.

ஏதாவது வழி கிடைக்குமா என்று மனைவியின் பழைய டயாலிசிஸ் பதிவைத் திறந்தேன். வாரம் மூன்று முறை, பிசகாமல் தேதிகள் இறங்கிக்கொண்டே போயின. நடுவில் சில வாரங்கள் மட்டும் காலி. அப்போது வேறு எங்காவது செய்துகொண்டிருப்பார்கள்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். வந்த தூரம் கொஞ்சம்தான். அதற்கே மூச்சு வாங்கியது.

"என்னவாம்?"

"நமக்கு வருமானம் ஜாஸ்தியாம்."

"அட! இத்தனை வருஷமா குடும்பம் நடத்தறேன், பணக்காரர்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க இந்த மனுஷன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அடுத்த வருடம் இந்தப் பணம் கணக்கில் வராது, அப்போது அட்டை கிடைத்துவிடும் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"அடுத்த வருஷம்தானே?" என்றார் அந்த அம்மாள். "இருந்தா வந்து ஏழையா நிக்கறேன் கண்ணு."

இன்றைக்கு மட்டும் டயாலிசிஸ் செய்வார்களா என்று கணவர் கேட்டார். பணம் கட்டினால் செய்வார்கள் என்றேன். சுவரில் மாட்டியிருந்த கட்டணப் பலகையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார்.

இடது விலாவை அழுத்தியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

பிறகு வலது கை எழுந்தது. வலப் பக்கம், அதே உயரத்தில் போய் நின்றது. அங்கே ஏதோ பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்து, அதில் கம்பளிப் பையை மாட்டினார். குரல் என் கண்ணாடி வரைக்கும்தான் வந்தது.

"ஒரு கிட்னியை அறுத்துக் குடுத்தீங்க. என் உடம்பு அதை ரெண்டு மாசங்கூட வெச்சுக்கல. இன்னொண்ணு மேல கை வைக்காதீங்க."

இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள். டயாலிசிஸ் அறை எதிர்ப்பக்கம்.

திரையில் அந்தக் காலி வாரங்கள் இன்னும் திறந்தே இருந்தன. அந்த வாரங்களில் அந்த அம்மாளுக்குக் கம்பளி தேவைப்பட்டிருக்காது.