சங்கம் சொன்னபடி

"இந்தத் தடவை நம்ம சங்கத்து அட்டையில என்ன அச்சாகுதோ, மாவட்டமே அப்படியே ஓட்டுப் போடும். ஆறு திருத்தத்துல ஒண்ணு பிசகினாலும் என் பல் செட்டைக் கழட்டி இந்த மேஜை மேல வெச்சிடறேன்" என்றார் அல்சீ பாபினோ.

வர்த்தக சங்கத்துக் கூட்டம் சிரித்த சிரிப்பில் காபி மேஜையெல்லாம் சிந்தியது. செயலாளர் மார்லாவுக்குப் புரையே ஏறிவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? லூசியானாவில் தேர்தல் வந்தால் அரசியல் சட்டத் திருத்தங்களும் கூடவே வரும். ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் நுழைந்த வக்கீல்கள் சிலர் இன்னும் வெளியே வரவில்லை. ஆகவே 'இதற்கு ஆதரவு, அதற்கு எதிர்ப்பு' என்று சங்கம் ஓர் அட்டை அடித்து வீடுதோறும் அனுப்பும். ஜனங்களும் அதைப் பத்திரமாகச் சாவடிக்கு எடுத்துப்போய், வரிக்கு வரி பார்த்து, ஒன்றுவிடாமல் நேர்மாறாகப் போட்டுவிட்டு வருவார்கள். முப்பது வருஷமாக இதுதான் நடப்பு.

"மிஸ்டர் அல்சீ, போன தடவை கொசு மருந்துக்கு ஆதரவுன்னு போட்டோம். கொசுவே ஜெயிச்சுது" என்றாள் மார்லா.

"அது போன தடவை, மார்லாம்மா."

தலைவர் ரோலண்ட் ஏபேர் மேஜையைத் தட்டினார். ஆற்றோரத்து ரசாயன ஆலை அவருடையது. "விளையாட்டு போதும். எனக்கு மூணாம் நம்பர் ஜெயிக்கணும். நூலகத்துக்குப் போற வரி தொழில் வளர்ச்சி நிதிக்கு வரணும். இது நம்ம மாவட்டத்துக்கு மட்டுமான திருத்தம். மாநிலமே ஆமான்னாலும் இங்க தோத்தா செல்லாது. மார்லா, தோத்துச்சுன்னா நீ வேற இடம் பார்த்துக்க."

தொழில் வளர்ச்சி நிதி என்பது எந்தத் தொழிலை வளர்க்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் மூக்குள்ள எல்லோருக்கும் அந்த ஆலை தெரியும்.

மார்லாவுக்கு இந்தச் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம். இரண்டு பிள்ளைகள், பாதி கட்டிய வீடு.

"நூலகத்தை மூடிருவாங்களே ரோலண்ட்" என்றார் அல்சீ.

"உங்களுக்கு ஏசியில தூங்க இடம் போயிடும்னு கவலை."

"தூக்கம் வீட்லயும் வரும். ஆனா வீட்ல என் பெண்டாட்டி இருக்காளே."

மறுபடியும் சிரிப்பு. அல்சீ மெத்தைக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர், ஆயுள் உறுப்பினர். பேசவிட்டுச் சிரிப்பதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள்.

ரோலண்டின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஏன் மார்லா, இவங்க எப்பவும் நேர்மாறாத்தானே போடறாங்க? அப்ப நாம அட்டையைத் தலைகீழா அடிச்சா? மூணாம் நம்பருக்கு எதிர்ப்புன்னு போடு. ஆறு திருத்தத்தையும் அப்படியே மாத்து."

அறையே அவரை ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"ரோலண்ட், வேண்டாம்" என்றார் அல்சீ. "அட்டையில இருக்கிறபடியே போட்டுடுவாங்க. இப்பத்தானே சொன்னேன்?"

"பெரியவரே, பல் செட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க."

மார்லாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கே அச்சுக்கு அனுப்பினாள்.

தேர்தலுக்கு மறுநாள் காலை முடிவுகளை அட்டையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் நம்பர் மண்ணைக் கவ்வியிருந்தது. மூன்று மட்டுமா? அட்டையில் ஆதரவு என்று போட்டதெல்லாம் ஜெயம், எதிர்ப்பு என்று போட்டதெல்லாம் தோல்வி. ஆறுக்கு ஆறு. கைபேசியில் ரோலண்டின் பெயர் துடித்தது, எடுக்கத் தைரியமில்லை. நேரே தெரேஸின் பூடான் கடைக்குப் போனாள். ஊரே காலையில் அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த, பூடான் என்ற அந்தச் சுடச்சுடக் குழலைத் தின்பது அங்கேதான். அல்சீ தன் முழுப் பல் வரிசையோடு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊரே சேர்ந்து எப்படி ஒரே நாள்ல திருந்தும், மிஸ்டர் அல்சீ?"

"உட்காரும்மா. மொதல்ல சாப்பிடு."

"எனக்கு வேலை போகப்போகுது."

"எப்படிப் போகும்? பத்திரிகைக்காரன் இப்பத்தான் பேசிட்டுப் போனான். முப்பது வருஷத்துல மாவட்டம் முதல்முதலா சங்கத்துப் பேச்சைக் கேட்டிருக்காம். அட்டை அடிச்ச செயலாளரோட படத்தைப் போடறாங்களாம். அந்த அட்டை பொய்யின்னு ரோலண்ட் வாயைத் திறந்து சொல்லுவாரா?"

மார்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போது ரோலண்ட் மறுபடி அழைத்தார். இந்தத் தடவை எடுத்தாள்.

"என்ன நடந்துச்சு? ஜனங்க நேர்மாறாத்தானே போடுவாங்க?" என்று உறுமினார்.

அவள் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "இந்தத் தடவை மட்டும் ஏன் அட்டைப்படி போட்டீங்க?" என்று தெரேஸைக் கேட்டாள். தெரேஸ் காபியை ஊற்றியபடியே, "நாங்க எங்க அந்த வாக்கியத்தையெல்லாம் படிச்சோம்? அட்டை வந்ததும் இவர்கிட்டதான் நீட்டுவோம். முப்பது வருஷமா 'தலைகீழாப் போடுங்க'ன்னாரு, போட்டோம். இந்தத் தடவை 'நேராப் போடுங்க'ன்னாரு" என்றாள்.

அல்சீ குனிந்து காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

மார்லா கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். "சார், அன்னிக்கு மிஸ்டர் அல்சீ சொன்னப்ப எனக்குப் புரையேறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா நம்ம அட்டையில அச்சானபடியே, ஒண்ணுகூடப் பிசகாம நடந்துடுச்சு சார்."