இலக்கம் ஏறிவிட்டது

"எடியே மக்டலீன்! ஐஸ் பக்டறியிலை மாடாய் முறியிற என்ரை பிள்ளையைப் பற்றி என்னடி கதை கட்டினனி?"

"கட்டேல்லையடி, கண்டனான்! உன்ரை பிலிப்புவின்ரை சைக்கிள் பாரிலை ஒரு பெட்டை. குடையாலை முகத்தை மறைச்சுக்கொண்டு போறாள்."

"ஆரெண்டு சொல்லு பாப்பம்!"

"குடை மறைச்சதெண்டுதானே சொல்லுறன்!"

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. குருநகரில் சிலுவைப்பாதைக்குப் போனவர்களைவிட இந்த வேலியடியில் நின்றவர்கள் அதிகம். கடைசியில் பிலிப்புவின் தாய் அற்புதராணி ஒரு கெடு வைத்தாள். ஆடித் திருவிழாவுக்கு முன்னர் அந்தப் பெட்டை யாரென்று மக்டலீன் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோயில் வாசலில் ஊர் பார்க்கப் பிலிப்புவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"அவளைப் பிடிக்காமல் நான் கண் மூடமாட்டன்" என்றாள் மக்டலீன்.

அது பெரிய சபதமில்லை. எப்படியும் அவள் கண் மூடுவதில்லை. ஆறு மாதமாக நித்திரை கிடையாது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இரண்டு பேரின் சோற்றைச் சாப்பிட்டும் ஆள் ஈர்க்குப் போலிருந்தாள். கண்கள் வேறு கொஞ்சம் வெளியே வந்து நின்றன. வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் ஒழுங்கையைப் பார்க்க அது வசதி என்பது அற்புதராணியின் கணிப்பு.

மகள் சிசிலியாதான் டொக்டரிடம் இழுத்துப்போனாள். பட்டணத்தில் இரத்தம் சோதிக்கும் இடமொன்றில் முடிவுத் துண்டு எழுதுகிறவள் அவள். ரெயில் ஓடுகிற நாளாகப் பார்த்து, தாயின் இரத்தத்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொழும்புக்கு அனுப்பினாள். இரண்டு கிழமையில் முடிவு வந்தது.

"ரி.எஸ்.எச். எண்டதுக்கு நேரை கிட்டத்தட்டப் பூச்சியமெணை."

"அப்ப ஒரு வருத்தமும் இல்லை."

"இல்லையெணை. ரி.எஸ்.எச். எண்டது, 'வேலை செய்' எண்டு மூளை கழுத்துச் சுரப்பிக்குக் குடுக்கிற கட்டளை. உங்கடை சுரப்பி சொல்லாமலே பேய் மாதிரி வேலை செய்யுது. அதாலை மூளை கட்டளையை நிப்பாட்டிப்போட்டுது."

"சொல்லாமலே வேலை செய்யுதோ? இந்த வீட்டிலை அப்பிடி ஒண்டு இருக்கெண்டு இண்டைக்குத்தான் அறியிறன்."

"சுரப்பி சோம்பினால்தான் கட்டளை கூடும், இலக்கம் ஏறும்" என்று சிசிலியா முடிப்பதற்குள் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. மக்டலீன் வேலிப் பொட்டடிக்குப் போய்விட்டாள்.

சுரப்பியை அடக்க டொக்டர் தந்த குளிசையைச் சிசிலியா நேரம் தவறாமல் கொடுத்தாள். இப்படியும் ஒரு பிள்ளையா என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. முதல் மாதம் தாயின் நடுக்கம் நின்றது. இரண்டாம் மாதம் உடம்பு தேறியது. மூன்றாம் மாதம் மத்தியானம் சாப்பிட்டுச் சரிந்தால் மாலைச் செபத்துக்கும் எழும்புவதில்லை. அவளிடமிருந்து செய்தி வராததால் ஒழுங்கைச் சனம் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கத் தொடங்கியது.

ஆனியில் மறுபடியும் இரத்தம் போய் வந்தது. சிசிலியா தனியே போய் டொக்டரிடம் துண்டைக் காட்டிவிட்டு வந்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"பூச்சியத்திலை கிடந்த இலக்கம் முப்பதுக்கு ஏறிட்டுதம்மா."

"ஏறிட்டுதோ! அந்தோனியாருக்குத் தோத்திரம்." கொட்டாவிக்கு நடுவே மக்டலீன் ஒரு மெழுகுதிரி நேர்ந்தாள். "அப்ப குளிசை?"

"போடுங்கோ" என்று வழக்கமான அளவை உள்ளங்கையில் வைத்தாள் மகள்.

திருவிழாவும் வந்தது. பெட்டை யாரென்றுதான் தெரியவில்லை. மக்டலீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனாள். அற்புதராணி தனியே நின்றாள், அழுது வீங்கிய முகத்தோடு.

"எங்கையடி உன்ரை மகன்? மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"விடியத் தொடக்கம் காணேல்லையடி. உடுப்புமில்லை, சைக்கிளுமில்லை. நீ சொன்ன பெட்டை மெய்தான் போலை."

"பாத்தியோ! பாத்தியோ!" மக்டலீன் கோயில் வாசலென்றும் பாராமல் கை தட்டினாள். பூசைக்கும் நிற்கவில்லை. இந்தச் செய்தியை முதலில் சிசிலியாவுக்குச் சொல்ல வேண்டுமென்று மூச்சு வாங்க வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் குடை மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. குளிசைப் போத்தலின் கீழே மகளின் அழகான கையெழுத்தில் ஒரு துண்டு.

"அன்புள்ள அம்மா, நானும் பிலிப்புவும் மன்னாருக்குப் போகிறோம். நாளைக்கு அங்கே கல்யாணம், இருப்பதும் அங்கேதான். குளிசையைப் பாதியாக்கச் சொல்லி டொக்டர் போன மாதமே சொன்னவர். நாளையிலிருந்து பாதி போடுங்கோ."